மாத்திரை நேரமும் கும்மி நேரமும்: மனச்சிதைவு நோயில் துணைச் சிகிச்சையாக உடற்பயிற்சி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் வசிக்கும் 38 வயதுப் பெண் ஒருவருக்கு, மனச்சிதைவு நோய்க்கான மருந்துடன் துணைச் சிகிச்சையாக உடற்பயிற்சியும் பரிந்துரைக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் தொடங்கி ஏறத்தாழ 14 மாதங்கள் நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். சிகிச்சைக் குழுவில் நான் மனநல சமூகப் பணியாளர். மனநல மருத்துவர் ஒருவரும் இயன்முறை மருத்துவர் ஒருவரும் உடன் இருந்தனர். அந்தப் பெண்ணுக்கு இதைப் படித்துக் காட்டி, அவருடைய ஒப்புதலைப் பெற்றிருக்கிறோம். அடையாளம் வெளிப்படாதிருக்கக் குடும்ப விவரங்கள் சில மாற்றப்பட்டுள்ளன. எங்கள் முதல் திட்டம் முழுத் தோல்வி என்பதையும், பிறகு கைகூடிய வழியை எங்களில் எவரும் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை.

பின்னணி

அவருக்கு 27 வயதில், இரண்டாவது கருவுறுதல் கலைந்த சில மாதங்களில், நோய் தொடங்கியது. அதற்கு முன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தவர். திருமணத்துக்குப் பின் கணவர் வீட்டில் கூலிக்கு ஓடும் எட்டு விசைத்தறிகளுக்குத் தார் சுற்றிக் கொடுப்பது, அதாவது ஊடை நூலைக் குச்சிகளில் சுற்றித் தருவது, அவருடைய பங்கு. தறிப்பட்டறை வீட்டுச் சுவரை ஒட்டியே இருந்தது. தறி ஓடும் சத்தத்துக்குள்ளிருந்து தன் பெயரைச் சொல்லித் திட்டும் குரல்கள் கேட்பதாக அவர் முதலில் சொன்னபோது வீட்டில் யாரும் பொருட்படுத்தவில்லை. ஓராண்டு கோயில்களுக்கும் மந்திரிப்பவர்களுக்கும் அலைந்த பின்னரே மருத்துவமனைக்கு அழைத்து வந்தார்கள்.

முதலில் ஹாலோபெரிடால் கொடுக்கப்பட்டது. கை நடுக்கமும் தசை இறுக்கமும் வந்ததால் அவற்றைத் தணிக்க ட்ரைஹெக்ஸிஃபெனிடில் சேர்க்கப்பட்டது. அடுத்து வந்த ரிஸ்பெரிடோனில் மாதவிலக்கு நின்றுபோக, அவராகவே அதை நிறுத்திவிட்டார். 2018இல் குரல்களின் கட்டளைக்கு ஆட்பட்டுத் தோட்டத்துக் கிணற்றடிக்குப் போனவரை அக்கம்பக்கத்தார் தடுத்து அழைத்து வந்திருக்கிறார்கள். அதன் பின் தொடங்கப்பட்ட ஓலன்சபின், நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் என்ற அளவில், குரல்களைப் பெருமளவு அடக்கியது. ஆனால் ஐந்தாண்டுகளில் 58 கிலோவாக இருந்த எடை 77 கிலோவானது.

எங்களிடம் அவரை அனுப்பக் காரணமும் அந்த எடைதான். உயரம் 152 சென்டிமீட்டர். உடல் நிறை குறியெண் 33.3. இந்தியர்களுக்கு 25க்கு மேல் உடற்பருமன் என்றும், பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் வகுக்கப்பட்டிருக்க, இவருக்கு இடுப்பு 101 சென்டிமீட்டர் இருந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை 118, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.2, இரத்தக் கொழுப்பு வகையான டிரைகிளிசரைடு 228; அதாவது நீரிழிவின் வாசற்படியில் நின்றார். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்றும், அந்த இறப்புகளில் பெரும்பாலானவை இதயநோய் போன்ற உடல் நோய்களால் நேர்கின்றன என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தக் கணக்கு எப்படி உருவாகிறது என்பதை இவருடைய பழைய மருந்துச் சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்: ஒவ்வொரு வருகையிலும் எடை குறிக்கப்பட்டிருந்தது, ஒரு வருகையில்கூட அதைப் பற்றி எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

மருந்தை மாற்றியிருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. எடையைக் கூட்டாத மருந்துகள் உள்ளன. ஆனால் முந்தைய இரண்டு மருந்துகளும் கைவிட்ட நிலையில், கிணற்றடி வரை போனவரை நிறுத்தி வைத்திருக்கும் மருந்தில் கை வைக்க மனநல மருத்துவர் விரும்பவில்லை. சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் மெட்ஃபார்மின் சேர்ப்பது, ஓலன்சபினை அப்படியே தொடர்வது, உடற்பயிற்சியைத் தொடங்குவது என்று முடிவானது.

தொடக்கத்தில் கண்டவை

முதல் வீட்டுச் சந்திப்பில் மாமியார் என்னிடம் கேட்டது நினைவில் இருக்கிறது: “ஏனுங்கம்மிணி, இவ நடக்கறதுக்கு ரோட்டுக்குத்தான் போகோணுங்களா? ஊட்டுல இல்லாத வேலைங்களா?” இந்தக் கேள்விக்கு வாதத்தால் பதில் சொல்லாமல், அடி எண்ணும் சிறு கருவி ஒன்றை ஒரு வாரம் கொடுத்து வைத்தோம். நாள் சராசரி 2,100 அடிகள் வந்தன. காலை ஒன்பதரைக்கு எழுந்து, மதியம் மறுபடி படுத்து, இரவில் பத்தரைக்கு மாத்திரை போட்டுத் தூங்குபவரால் அவ்வளவுதான் நடக்க முடியும். தார் சுற்றும் வேலையை மாமியாரே செய்துகொண்டிருந்தார்.

ஆறு நிமிட நடைச் சோதனையில் 340 மீட்டர் நடந்தார். கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதை 30 விநாடிகளில் எட்டு முறை செய்தார். ஈசிஜியில் குறை இல்லை. படுத்த நிலையில் 136/86 இருந்த இரத்த அழுத்தம் எழுந்து நின்றதும் 114/76 ஆக இறங்கியது. ஓலன்சபின் எடுப்பவர்களிடம் இது காணக்கூடியதே. மாதந்தோறும் கிருத்திகைக்குச் சென்னிமலையின் 1,320 படிகளையும் ஏற வைத்தால் உடம்பும் குறையும், வேண்டுதலும் நிறைவேறும் என்று மாமியார் சொன்ன யோசனையை இந்த அளவைக் காட்டித்தான் தள்ளி வைத்தோம். மூட்டு வலியும் ஒரு காரணம்.

எங்கள் கவலை எடை மட்டுமன்று. குரல்கள் அடங்கிய பிறகும் முகத்தில் உணர்ச்சி இல்லாமை, பேச்சு சுருங்கிப்போதல், எதையும் தொடங்க மனமின்மை ஆகியவை இருந்தன. எதிர்மறை அறிகுறிகள் என்று வழங்கப்படும் இவற்றின் மீது மருந்துகளுக்குப் பிடி குறைவு. மனச்சிதைவின் அறிகுறிகளை மதிப்பிடும் பேன்ஸ் அளவுகோலில் 7 முதல் 49 வரை மதிப்பிடப்படும் இப்பகுதியில் அவருக்கு 27 இருந்தது. உடற்பயிற்சி இந்த இடத்தில் ஓரளவு உதவும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. வாரம் மூன்று முறை அரை மணி நேரம் சைக்கிள் மிதித்த மனச்சிதைவு நோயாளிகளுக்கு மூன்று மாதங்களில் நினைவாற்றலுக்குரிய ஹிப்போகேம்பஸ் பகுதியின் கன அளவு 12 சதவீதம் கூடியதாக 2010இல் ஜெர்மானிய ஆய்வுக் குழு ஒன்று வெளியிட்டது. ஆயினும் பிற்கால ஆய்வுகள் எல்லாமே அதை உறுதிப்படுத்தவில்லை என்பதால், நோயாளிகளின் குடும்பத்தாரிடம் நான் அந்த எண்ணைச் சொல்வதில்லை.

பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் 61 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வில், நான்கு மாதப் பயிற்சிக்குப் பின் உடற்பயிற்சிக் குழுவைவிட யோகாசனக் குழு கூடுதல் பயன் பெற்றிருந்தது. ஆகவே யோகாவையும் கருதினோம். கண்களை மூடினால் குரல்கள் கிட்டே வருவதாக அந்தப் பெண் சொன்னவுடன் அதை விட்டுவிட்டோம்.

முதல் திட்டமும் அது தோற்ற விதமும்

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு என்ற 2020ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவனப் பரிந்துரையை இலக்காக வைத்து, வாரம் ஐந்து நாள், விடியற்காலை ஐந்தரை மணிக்கு 15 நிமிடம் தொடங்கிப் படிப்படியாக 30 நிமிடம் நடப்பது என்று இயன்முறை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். ஊரில் நடப்பதற்கு நல்ல இடம் வாய்க்கால் கரை. நிழலும் சமதளமும் உண்டு. கிணற்றடி வரை போன வரலாறு இருப்பதால் நீர்நிலை ஓரம் வேண்டாம் என்று ஒதுக்கி, தார் சாலையைத் தேர்ந்தோம்.

மார்ச் முழுவதும் திட்டமிட்ட 22 நாட்களில் அவர் நடந்தது ஐந்து நாள். நாங்கள் வழக்கம்போல ‘ஊக்கம் குறைவு’ என்று எழுதி வைத்தோம். இந்தச் சொற்றொடர் எங்கள் தொழிலில் மிகவும் வசதியானது. எழுதிய பிறகு யாரும் எதையும் தேட வேண்டியதில்லை. மூன்றாவது சந்திப்பில்தான் மனநல மருத்துவர் ஒரு எளிய கணக்கைப் போட்டுப் பார்த்தார். விழுங்கிய ஓலன்சபின் இரத்தத்தில் உச்சத்தை எட்ட ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். இரவு பத்தரைக்கு மாத்திரை போட்டால் உச்சம் விடியற்காலை நாலரை. ஐந்தரைக்கு எழுந்து நடக்கச் சொன்னதன் பொருள், மருந்து மிகுந்திருக்கும் வேளையில் அவரைச் சாலையில் இறக்கிவிடுவது என்பதே. எழ முடியாமல் போனது ஒருவகையில் நல்லது.

நடந்த ஐந்து நாட்களிலும் வேறொரு துன்பம் இருந்தது. சாலையில் எதிர்ப்பட்ட ஒவ்வொருவரும் “எங்க இத்தன நேரத்துல?” என்று கேட்டிருக்கிறார்கள். அது ஊர் வழக்கமான விசாரிப்புத்தான். தன்னை எல்லோரும் கண்காணிக்கிறார்கள் என்று பல ஆண்டுகள் நம்பிய ஒருவருக்கு அது அப்படிப்பட்டதாக இருக்கவில்லை.

ஏப்ரலில் நடை நேரத்தைக் காலை ஒன்பது மணிக்கு மாற்றினோம். மாத்திரை மயக்கத்துக்கு அது சரியான விடை. கொங்குச் சீமையின் கோடைக்குத் தவறான விடை. ஈரோட்டுப் பகுதியில் ஏப்ரல் கடைசியில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதன்று. இரண்டாவது வாரத்தில், 20 நிமிடம் நடந்தவுடன், தலைசுற்றி ஒரு வீட்டுத் திண்ணையில் சாய்ந்துவிட்டார். முகம் சிவந்து, நாக்கு வறண்டு, தோல் சுட்டது. அந்த வெயிலிலும் ரவிக்கையின் அக்குள் பகுதி ஈரமே இல்லாமல் இருந்ததை அந்த வீட்டுப் பெண் கவனித்துச் சொன்னார். நிழலில் கிடத்தி, ஈரத்துணி போட்டு விசிறி, ஆட்டோவில் அழைத்து வந்தார்கள். உடல் வெப்பம் 38.8 டிகிரி, நாடித்துடிப்பு 126. நினைவு தெளிவாக இருந்தது. மாலைக்குள் சீரானார்.

வியர்க்காத ரவிக்கை எங்களைச் சீட்டுக்குத் திருப்பியது. ஹாலோபெரிடாலுக்குத் துணையாகப் பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ட்ரைஹெக்ஸிஃபெனிடில், அந்த ஹாலோபெரிடால் போன பிறகும், ரிஸ்பெரிடோன் போன பிறகும், ஒவ்வொரு சீட்டிலும் பெயர்த்து எழுதப்பட்டுக் காலையும் இரவும் 2 மில்லிகிராமாக உள்ளே போய்க்கொண்டே இருந்தது. இது வியர்வைச் சுரப்பை அடக்கும் மருந்து. நினைவாற்றலையும் மங்கச் செய்யும். ஓலன்சபினுடன் இது பெரும்பாலோருக்குத் தேவைப்படுவதில்லை. உடல் வெப்பத்தைச் சீராக்கும் மூளைப் பகுதியின் வேலையில் ஓலன்சபினும் குறுக்கிடக் கூடியது. இந்த இரண்டையும் விழுங்கிய ஒருவரைக் கத்திரி வெயில் நெருங்கும் வேளையில் நடக்க அனுப்பியது எங்கள் பிழை. எங்களுடைய தொடக்கப் பரிசோதனைப் பட்டியலில் இதயத்துக்கு இடம் இருந்தது, வியர்வைக்கு இடம் இல்லை.

மே மாதம் நடை முழுவதும் நிறுத்தப்பட்டது. ட்ரைஹெக்ஸிஃபெனிடிலைத் திடீரென நிறுத்தாமல் நான்கு வாரங்களில் குறைத்து விலக்கினோம், நடுக்கம் திரும்பவில்லை. வீட்டுக்குள் மாலை வேளையில் திண்ணையில் உட்கார்ந்து எழுவது, நிலைப்படியைப் பிடித்துக் குதிகால் உயர்த்துவது என்று இரண்டு பயிற்சிகள் மட்டும் தொடர்ந்தன.

கும்மிக்கு வந்த வழி

ஜூனில் அவ்வூர் மாரியம்மன் கோயில் திடலில் வள்ளிக் கும்மிப் பயிற்சி தொடங்கியது. ஒரு காலத்தில் ஆண்களே ஆடிவந்த இந்தக் கலையில் பெண்களும் குழந்தைகளும் பெருந்திரளாகச் சேர்ந்திருப்பது அண்மைக்கால மாற்றம். பெண்களுக்குக் கற்பித்து அந்த மாற்றத்துக்கு வழி செய்தவர்களுள் ஒருவரான கோவைப் பகுதிக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஊர்ப் பயிற்சிகள் வேலை முடிந்து வருபவர்களுக்காக இரவு ஏழு மணிக்கு மேல் நடக்கும். சில மாதங்களில் ஒரே நிறப் புடவையும் வேட்டியுமாக அரங்கேற்றம்.

அந்தப் பெண்ணின் 13 வயது மகள் அதில் சேர்ந்தாள். இரவில் தனியாக அனுப்ப மனமில்லாமல் அம்மாவைத் துணைக்கு அனுப்பினார்கள். முதல் ஒரு வாரம் அம்மா திடலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு, மகள் கணக்குப்படி எட்டாம் நாள், எழுந்து கடைசி வரிசையில் நின்றார். இந்தச் செய்தி எங்களுக்கு இரண்டு வாரம் கழித்தே தெரிய வந்தது. நடைப் பயிற்சி அட்டையில் அதற்குக் கட்டம் இல்லாததால் அவர்கள் சொல்லவில்லை.

ஒரு நாள் இரவு நான் போய்ப் பார்த்தேன். சோடியம் விளக்கின் கீழ் ஏறத்தாழ அறுபது பேர். வாத்தியார் ஒரு அடி பாடி நிறுத்த, வட்டம் முழுவதும் குனிந்து தட்டி, நிமிர்ந்து திரும்பி, இரண்டு எட்டு முன்னே போய் ஒன்று பின்னே வந்தது. இவர் கைதட்டு எப்போதும் அரைக்கணம் பிந்தியே விழுந்தது. திரும்பும்போது பக்கத்துப் பெண் முழங்கையைப் பிடித்துத் திருப்பிவிட்டார், ஆட்டம் நிற்கவில்லை. இடைவேளையில் நாடியை எண்ணினேன்: 15 விநாடிக்கு 31. அவருடைய வயதுக்கு 29 முதல் 34 வரை மிதமான உழைப்பு. ‘பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது’ என்று நாங்கள் சொல்லிக் கொடுக்கும் எளிய அளவுகோல், பாடிக்கொண்டே ஆடுகிறவர்களிடம் எடுபடாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். வாரம் நான்கு நாள், ஓய்வு நேரம் கழித்து ஆடியது மட்டும் நாளுக்கு 40 நிமிடம். 160 நிமிடம் ஆகிறது. மூன்று மாதமாக எங்களால் எட்ட முடியாத இலக்கு அது.

“கை தட்டறப்ப அதுங்க பேசறதில்லைங்” என்றார். குரல்களைச் சொல்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

விடியல் நடையை அதிகாரப்பூர்வமாகக் கைவிட்டுக் கும்மியையே பயிற்சியாக ஏற்றோம். மாத்திரை நேரத்தில் ஒரு சிக்கல் இருந்தது: காலை மயக்கம் குறைய மாத்திரையை ஏழரைக்கு முன்னகர்த்தினால் ஆட்டத்தின் நடுவே தூக்கம் வரும்; பத்தரைக்கே விட்டால் காலை பாழாகும். பயிற்சி முடிந்து வீடு திரும்பும் எட்டே முக்காலுக்குச் சாப்பாட்டுடன் மாத்திரை என்று வைத்தோம். எழும் நேரம் ஏழரைக்கு வந்தது. மயக்கம் முற்றிலும் போகவில்லை, ஆனால் மகளைப் பள்ளிக்கு அனுப்பும் வேளையில் அவர் விழித்திருந்தார்.

வெறுங்காலில் ஆடுவதால் மூட்டுக்கு அடி விழுமே என்று இயன்முறை மருத்துவர் தயங்கினார். குதிக்கும் அடவுகளில் குதிக்காமல் எட்டு வைப்பது என்று சமாதானமானோம்.

வாத்தியாரிடம் நோயைப் பற்றிச் சொல்வதா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. ஏதாவது நேர்ந்தால் அங்கே ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்றேன் நான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தரும் இரகசியக் காப்பு உரிமையைச் சுட்டிக்காட்டி, நோயாளியின் விருப்பமே முடிவு என்றார் மருத்துவர். அந்தப் பெண்ணிடம் கேட்டோம். “சுகரு வராம இருக்க ஆடச் சொன்னாங்கன்னு சொல்லுங்” என்றார். பொய்யும் இல்லை. அப்படியே ஆயிற்று.

ஆகஸ்டு இறுதியில் எடை 73.2 கிலோ. அந்தச் சந்திப்பில் நான் கணவரிடம், பயிற்சி மருந்து மாதிரி வேலை செய்கிறது என்று மகிழ்ச்சியாகச் சொன்னேன். அந்த வாக்கியத்தின் விலை அடுத்த மாதம் தெரிந்தது.

இடையில் நேர்ந்த சறுக்கல்

செப்டம்பர் மூன்றாம் வாரம் மகள் தொலைபேசியில் அழைத்தாள். அம்மா மூன்று இரவுகளாகத் தூங்கவில்லை. கும்மிக்கு வர மறுக்கிறார். வாத்தியார் பாடுவதெல்லாம் தன்னைப் பற்றியே என்கிறார். வள்ளிக் கும்மியின் கதை எல்லோரும் அறிந்தது: தினைப்புனம் காக்கும் வள்ளியைத் தேடி முருகன் வேடனாகவும் கிழவனாகவும் வேடமிட்டு வருகிறான். கிழவன் வேடத்தில் வருவது தன்னைப் பிடித்துப் போகத்தான் என்று அந்தப் பெண் நம்பத் தொடங்கியிருந்தார். அறுபது பேர் சேர்ந்து அதைப் பாடுவது அவருக்குச் சான்றாகப் பட்டது.

வீட்டுக்குப் போனபோது மாத்திரை அட்டைகளைக் கேட்டேன். கணவர் சற்றுத் தயங்கிச் சாமி மாடத்திலிருந்து ஒரு சிறிய மஞ்சள் டப்பாவை எடுத்து வந்தார். அதில் பாதியாக ஒடித்த ஓலன்சபின் துண்டுகள் 26 இருந்தன. ஏறத்தாழ நான்கு வாரமாகப் பாதி மாத்திரைதான் போயிருக்கிறது. “ஆடி நல்லாயிட்டா, மாத்திரைதான் தூங்க வெக்குதுன்னு நெனச்சனுங்க. நீங்களும் பயிற்சியே மருந்துன்னு சொன்னீங்க” என்றார். அவர் மிச்சத் துண்டுகளை எறியாமல் சேர்த்து வைத்திருந்தது எங்களுக்கு உதவியாயிற்று. மறைக்கும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை.

மறுநாள் மனநல மருத்துவர் பார்த்தார். கட்டளையிடும் குரல்கள் இல்லை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இல்லை என்பதை விசாரித்து உறுதி செய்துகொண்டு, உள்நோயாளியாகச் சேர்க்காமல் 15 மில்லிகிராமை முழுமையாகத் திருப்பிக் கொடுத்தார். தூக்கத்துக்குச் சில நாட்கள் லோரசெபாம் சேர்ந்தது. கணவரின் அக்கா வந்து தங்கினார். கிணற்றடிக் கதவு பூட்டப்பட்டது.

கும்மியை நிறுத்திவிடுவதா என்பதே கடினமான கேள்வி. நோயின் எண்ணம் அந்தப் பாட்டையே பற்றிக்கொண்டிருக்கும்போது திரும்ப அனுப்புவது எரியும் இடத்தில் விறகு வைப்பது என்ற கருத்து குழுவில் வலுவாக இருந்தது. நானும் முதலில் அப்படியே நினைத்தேன். ஆனால் எண்ணம் கிளம்பியது மருந்து குறைந்ததால். பாட்டு அதற்குக் கிடைத்த துணி மட்டுமே. முன்பு அதே எண்ணம் தறிச் சத்தத்தை உடுத்தியிருந்தது. தறியை நிறுத்தினால் வீட்டில் சோறு இல்லை என்பதால் அன்று யாரும் தறியை நிறுத்தச் சொல்லவில்லை. கும்மியைப் பறித்தால் அவர் மறுபடியும் கட்டிலுக்குத்தான் போவார். ஆகவே 18 நாள் இடைவெளி விட்டு, தூக்கம் சீரான பின், இரண்டு இரவுகள் உட்கார்ந்து பார்ப்பது, பிறகு வெளி வரிசையில் ஆடுவது, பாட்டு தன்னைச் சுட்டுவதாகத் தோன்றினால் மகளின் தோளைத் தொட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவது என்று அவருடனேயே பேசி வகுத்தோம். முதல் வாரத்தில் நான்கு முறை தண்ணீர் குடிக்கப் போனார். மூன்றாம் வாரத்தில் போகவில்லை. முழங்கையைப் பிடித்துத் திருப்பிவிடும் அந்தப் பெண்ணிடம் அவராகவே தன் நோயைச் சொன்னதும் இந்தக் காலத்தில்தான். என்ன சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை.

விளைவு

நவம்பரில் அரங்கேற்றம் நடந்தது. மூன்று மணி நேர ஆட்டத்தில் முதல் ஒன்றே கால் மணி நேரம் ஆடிவிட்டு மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

டிசம்பர் அளவுகள்: எடை 71.4 கிலோ, குறியெண் 30.9, இடுப்பு 94 சென்டிமீட்டர், எச்பிஏ1சி 5.8. ஆறு நிமிட நடை 455 மீட்டர். நாற்காலியிலிருந்து எழுவது 13 முறை. எதிர்மறை அறிகுறிகளின் மதிப்பு 27இலிருந்து 20க்கு வந்தது. எடையும் சர்க்கரையும் குறைந்ததில் மெட்ஃபார்மினுக்குப் பங்கு உண்டு. எவ்வளவு என்று ஒரே ஒரு நோயாளியை வைத்துப் பிரிக்க இயலாது. எதிர்மறை மதிப்பு இறங்கியதில், வியர்வையோடு நினைவையும் மழுக்கிய ட்ரைஹெக்ஸிஃபெனிடில் போனதற்கும், ஊரில் நான்கு பேருடன் பழகியதற்கும் பங்கு இருக்கலாம். அவர் இன்னும் உடற்பருமன் வரம்புக்குள்தான் இருக்கிறார். தார் சுற்றும் வேலையில் பாதியை எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதை எந்த அளவுகோலிலும் குறிக்க முடியவில்லை. மாமியார் கணக்கில் இந்த ஆண்டு நடந்த பெரிய மாற்றம் அதுதான்.

அரங்கேற்றம் முடிந்ததும் பயிற்சியும் முடிந்தது. இதை நாங்கள் முன்பே யோசித்திருக்க வேண்டும். திடல் வெறிச்சோடியது, பிப்ரவரியில் எடை 72.9 கிலோ. அதன் பிறகு அந்த முழங்கைப் பெண்ணும் இன்னொருவரும் இவரும் சேர்ந்து மாலை ஆறரைக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளையார் கோயில் வரை போய்வரத் தொடங்கினார்கள்; போக வர ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். நாங்கள் ஓராண்டுக்கு முன் எழுதிக் கொடுத்த அதே சாலைதான். மூன்று பேராகப் போகும்போது “எங்க போறீங்க?” என்ற கேள்விக்கு வேறு யாராவது பதில் சொல்லிவிடுகிறார்கள். ஏப்ரலில் எடை 72.1 கிலோ.

மீண்டும் செய்ய நேர்ந்தால்

பயிற்சி எழுதுவதற்கு முன் மருந்துச் சீட்டை வரிவரியாகப் படிப்போம். வியர்வையை அடக்குவது, எழுந்ததும் இரத்த அழுத்தத்தை இறக்குவது, எந்த மணிக்கு உச்சம் அடைவது என்று ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே எழுதுவோம். மற்றொரு மனநல மருந்தான லித்தியம் எடுப்பவராக இருந்தால் வியர்வையில் நீர் இழப்பதால் இரத்தத்தில் அதன் அளவு கூடும் ஆபத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவருக்கு அது தேவைப்படவில்லை. மார்ச் முதல் ஜூன் நடுப்பகுதி வரை காலை எட்டு மணிக்குப் பின்னும் மாலை ஐந்தரைக்கு முன்னும் வெளியில் பயிற்சி தருவதில்லை என்று இப்போது வைத்திருக்கிறோம்.

குடும்பத்தாரிடம் ‘மருந்து மாதிரி’ என்ற சொல்லை நான் இப்போது பயன்படுத்துவதில்லை. பயிற்சி தொடங்கும் நாளிலேயே, ஆள் நன்றாகத் தெரியும்போதுதான் மாத்திரையைக் குறைக்கத் தோன்றும், அப்போது குறைக்காமல் எங்களுக்குத் தொலைபேசி செய்யுங்கள் என்று மாத்திரை கொடுக்கும் பொறுப்பில் உள்ளவரிடம் சொல்லிவிடுகிறேன். மாத்திரை அட்டையை மாதம் ஒரு முறை எண்ணுகிறேன். சந்தேகத்தால் எண்ணுவதாக அவர்கள் நினைக்காதிருக்க, முதல் மாதத்திலிருந்தே எண்ணுகிறேன்.

எந்தப் பயிற்சி என்று நாங்கள் தீர்மானிப்பதற்கு முன், அந்த வீட்டில் மாலை ஏழு மணிக்கு யார் எங்கே போகிறார்கள் என்று கேட்டிருந்தால் மூன்று மாதமும் ஒரு வெயில் மயக்கமும் மிஞ்சியிருக்கும். அரங்கேற்றத்துக்குப் பின் என்ன என்பதை அரங்கேற்றத்துக்கு முன்பே பேசியிருந்தால் ஒன்றரைக் கிலோ திரும்பியிருக்காது. அடுத்த கும்மி வகுப்பு ஆடிக்குப் பிறகுதான் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். அதுவரை மூவரும் நடக்கிறார்கள். மே மாதத்துக்கு மட்டும் நேரத்தை ஏழு மணிக்குத் தள்ளி, ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறோம்.